ஒடுங்கிய நீரில் படகு: தாணே கழி முதல் பாம்பன் வரை

ஹார்பர் லைன் ரயில் மான்குர்தைத் தாண்டி வாஷிப் பாலத்தில் ஏறும்போது, செம்பூரிலிருந்தும் கோவண்டியிலிருந்தும் வேலைக்குப் போகிற நம்மவர்கள் ஜன்னல் வழியே கீழே பார்ப்பதுண்டு. சாம்பல் நிறத் தண்ணீர், சேறு, அலையாத்திச் செடிகள், குளிர்காலமானால் பூநாரைக் கூட்டம். அடுத்த முறை போகும்போது பாலத் தூண் ஒன்றை மட்டும் பாருங்கள். தூணின் ஒரு பக்கத்தில் தண்ணீர் முட்டிக் குவிந்து நிற்கும். மறுபக்கத்தில் இரண்டாகப் பிரிந்த நீர் நீண்ட வாலாக இழுபட்டு, நடுவே சுழித்துக்கொண்டிருக்கும். போகும்போது அந்த வால் வடக்கே தாணே பக்கம் நீண்டிருந்தால், ஏழெட்டு மணி நேரம் கழித்துத் திரும்பும்போது பெரும்பாலும் தெற்கே துறைமுகத்தைப் பார்த்து நீண்டிருக்கும். ஒடுங்கிய நீரில் கடல் எப்படி நடந்துகொள்ளும் என்பதன் முதல் பாடம் அது.

இந்தக் கட்டுரையை நான் எழுதுவது முக்கியமாக இரண்டு வகை ஆட்களுக்கு. தூத்துக்குடி, நெல்லை, குமரி, இராமநாதபுரம் பக்கமிருந்து கப்பல் வேலைக்காக மும்பை வந்து, தாராவியிலோ மாட்டுங்காவிலோ உறவினர் வீட்டில் தங்கி அழைப்புக்குக் காத்திருக்கும் பிள்ளைகள் ஒரு வகை. பார்ஜ், டக், சிறு படகுகளில் ஏற்கெனவே வேலை பார்த்துக்கொண்டு, "அனுபவத்தில் பழகிவிடும்" என்ற சொல்லை நம்பியிருப்பவர்கள் இன்னொரு வகை. ஜலசந்தி, கழி, கால்வாய் என்று கடல் ஒடுங்கும் இடங்களில் நீரோட்டத்தைக் கணிப்பதற்கு ஒரு முறை இருக்கிறது. அனுபவம் அந்த முறைக்குக் கூர்மை சேர்க்கும். முறையே தெரியாவிட்டால், வருஷங்கள் போனாலும் ஒரே இடத்தின் பழக்கம்தான் கைவசம் இருக்கும். வேறொரு ஜலசந்திக்குப் போனால் அது கைகொடுக்காது.

முதலில் கேட்க வேண்டிய கேள்வி: இந்த நீருக்கு எத்தனை வாய்?

ஒரு வாய் மட்டும் உள்ள கழியில், கடல் ஏறும்போது தண்ணீர் உள்ளே வரும், வற்றும்போது அதே வழியாக வெளியே போகும். இரண்டு கடல்களை இணைக்கும் ஜலசந்தியில் கதை வேறு. இரு முனைகளிலும் நீர்மட்டம் தனித்தனியாக ஏறி இறங்கும். எந்த முனை உயர்ந்திருக்கிறதோ அங்கிருந்து தாழ்ந்த முனைக்கு நீர் ஓடும்.

தாணே கழி இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்பதால் படிக்க அருமையான இடம். மும்பைத் துறைமுகத்திலிருந்து தாணே வரை ஏறக்குறைய 26 கிலோமீட்டர் நீளம். வாஷியருகே ஒரு கடல் மைலுக்கு நெருங்கிய அகலம். வடக்கே போகப்போக ஒடுங்கி, கல்வாவுக்கு வரும்போது ஓர் ஆறுபோல ஆகிவிடும். மேலோட்டமாகப் பார்த்தால் ஒற்றை வாய்க் கழி. ஆனால் தாணே நகரத்தையொட்டி ஒரு குறுகிய தொடர்பு உல்லாஸ் நதியுடன் இருக்கிறது. அந்த உல்லாஸ் மேற்கே திரும்பி, கோட்பந்தர் வழியாக வசாயில் கடலில் விழுகிறது. பாந்திராவிலிருந்து தாணே வரை நாம் வாழும் சாஷ்டி ஒரு தீவாக இருப்பதற்கு இந்தச் சுற்று நீர்தான் காரணம். ஆக, அரபிக்கடலின் ஏற்றம் இரண்டு வழிகளில் தாணேயை நோக்கி வருகிறது: ஒன்று துறைமுகத்தின் வழியாக, இன்னொன்று வசாயின் வழியாக. இரண்டும் ஒரே நேரத்தில் ஒரே உயரத்தில் வந்து சேர்வதில்லை. கழியின் தென்பகுதியில் ஒற்றை வாய்க் கழியின் கணக்கு பொருந்தும். வட முனையில் ஜலசந்தியின் கணக்கையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

அடுத்தது நேரக் கணக்கு. கப்பலில் இருப்பவர்களுக்கு சர்வே ஆஃப் இந்தியா வெளியிடும் ஓத அட்டவணை இருக்கிறது. அதில் மும்பைக்கு அப்போலோ பந்தர்தான் அடிப்படை இடம். அட்டவணை கையில் இல்லாதபோது கொங்கணக் கரையில் தலைமுறை தலைமுறையாகப் புழங்கும் ஒரு கணக்கு கைகொடுக்கும். அமாவாசை அல்லது பௌர்ணமி கழிந்து எத்தனையாவது திதியோ, அந்த எண்ணை முக்காலால் பெருக்குங்கள். வரும் விடைதான் ஏற்றம் உச்சத்தைத் தொடும் மணி. அஷ்டமியன்று எட்டு முக்கால் ஆறு. காலை ஆறு, மாலை ஆறு மணியளவில் நிறைவேற்றம். அதிலிருந்து ஆறேகால் மணி நேரம் தள்ளினால் முழு வற்றம்.

இந்தக் கணக்கை மும்பை மறக்க முடியாத ஒரு நாளில் வைத்துப் பார்க்கலாம். 2005 ஜூலை 21 பௌர்ணமி. அதிலிருந்து ஐந்தாம் நாள் ஜூலை 26. ஐந்து முக்கால் மூன்றே முக்கால். அன்று சாந்தாகுரூஸில் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டியது. பிற்பகல் 3.50 மணிக்குக் கடல் 4.48 மீட்டர் உயரத்துக்கு ஏறி நின்றது. மித்தி ஆற்றின் வெள்ளம் மாஹிமில் கடலுக்குள் இறங்க வழியில்லாமல் பின்வாங்கியதை தாராவியில் இருந்தவர்கள் கண்ணால் கண்டார்கள். திதிக் கணக்கு ஐந்து நிமிஷ வித்தியாசத்தில் சொன்ன நேரம் அது. எல்லா நாளும் இவ்வளவு நெருங்கி வராது. அரை மணி, முக்கால் மணி முன்பின் ஆகும். அட்டவணை இருக்கும்போது அட்டவணையைத்தான் பார்க்க வேண்டும். ஆனாலும் மனத்தில் ஒரு கணக்கு ஓடிக்கொண்டே இருக்கிற மாலுமி அட்டவணையில் தவறான தேதிப் பக்கத்தைத் திறந்தால் உடனே கண்டுபிடித்துவிடுவான்.

இங்கேதான் பெரும்பாலோர் நின்றுவிடுகிறார்கள். அட்டவணை சொல்வது தண்ணீரின் உயரத்தை. படகைத் தள்ளுவது தண்ணீரின் ஓட்டம். உயரம் உச்சத்தைத் தொடுகிற நேரமும் ஓட்டம் நிற்கிற நேரமும் ஒன்றாக இருக்கும் என்று எந்தக் கடலும் வாக்குக் கொடுக்கவில்லை. துறைமுகப் படகில் நான் வேலை பார்த்த காலத்தில் தூத்துக்குடிக்கார வயதான தண்டல் ஒருவர் இருந்தார். நிறைவேற்றம் ஆகிவிட்டது, படகை எடுக்கலாமா என்று கேட்டேன். "ஏலே, ஏறி நின்னது தண்ணிதாம்ல. ஓட்டம் இன்னும் நிக்கல. அந்த மிதவையப் பாரு" என்றார். அட்டவணைப்படி நிறைவேற்றம் கழிந்து சில நிமிஷங்கள் ஆகியிருந்தன. மிதவையோ வடக்கே சாய்ந்தபடியே இருந்தது.

மூன்று நிலைகளைப் பிரித்து வைத்துக்கொண்டால் குழப்பம் இராது. கழி குட்டையாக, ஒரே வாயுடன், முட்டுச்சுவர்போல முடிந்தால், தண்ணீர் உச்சத்தைத் தொடுவதும் ஓட்டம் நிற்பதும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் நடக்கும். உள்ளே நிரம்ப இடமில்லை, ஆகவே ஓட்டமும் இல்லை. மும்பைத் துறைமுகமும் தாணே கழியின் தென்பகுதியும் இந்த வகைக்கு நெருங்கியவை. தரையின் உராய்வும் நீளமும் சேர்ந்து கொஞ்சம் பிந்த வைக்கும், அவ்வளவுதான். ஏற்றம் ஓர் அலையாகத் தடையில்லாமல் முன்னேறிப் போகிற நீண்ட கால்வாய் இரண்டாவது நிலை. அங்கே உயரம் உச்சத்தில் இருக்கும்போதுதான் உள்நோக்கிய ஓட்டமும் உச்சத்தில் இருக்கும். ஓட்டம் நிற்பது நடுமட்டத்தில். மூன்றாவது, இரண்டு கடல்களுக்கு நடுவிலுள்ள ஜலசந்தி. அங்கே ஒரு முனையின் நிறைவேற்றத்துக்கும் ஓட்டத்துக்கும் நேரடித் தொடர்பே இல்லை. இரு முனைகளின் மட்டமும் சமமாகிற கணத்தில்தான் ஓட்டம் நிற்கும். அந்தக் கணம் ஏற்றத்தின் பாதியில் வரலாம், வற்றத்தின் பாதியிலும் வரலாம். புது இடத்துக்குப் போனால் இந்த மூன்றில் எது என்பதை வரைபடத்தையும் வழிகாட்டி நூலையும் பார்த்து முடிவு செய்த பிறகுதான் அட்டவணையைத் திறக்க வேண்டும்.

ஓட்டம் நின்றுவிட்டதா என்பதைக் கண்ணால் சரிபார்க்கும் கலையைக் கோளி மீனவர்களிடமிருந்து கற்கலாம். விட்டாவா, ஐரோலி, திவாளே, டிராம்பே என்று கழியின் இரு கரையிலும் அவர்களுடைய ஊர்கள் இருக்கின்றன. அவர்களுடைய டோல் வலை ஒரு நீண்ட பை. ஓட்டத்துக்கு எதிர்முகமாக வாயைத் திறந்து, அடியில் நட்ட கம்பிலோ நங்கூரத்திலோ கட்டிவிடுவார்கள். மீனைத் தேடி அந்த வலை எங்கும் போவதில்லை. நீரோட்டம் கொண்டுவந்து போடும். ஓட்டம் நிற்கும் நேரம் பார்த்துப் போய்த்தான் வலையைத் தூக்க முடியும். ஓட்டத்தின் நடுவில் போனால் வலையின் வாயைக் கையால் மடக்கவே முடியாது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களை அவர்கள் உதாண் என்பார்கள். அஷ்டமியை ஒட்டிய நாட்கள் பாங். பாங் நாட்களில் ஓட்டம் போதாததால் டோல் வலைக்குப் பெரிய வேலை இல்லை. வயிற்றுப்பாட்டையே ஓட்டத்தில் கட்டி வைத்திருப்பவர்கள் சொல்கிற நேரம், நான் பார்த்த வரையில், அச்சிட்ட நேரத்தைவிட அந்தந்த இடத்துக்குச் சரியாக இருக்கிறது.

கவனிக்க வேண்டியவை சில உண்டு. நங்கூரமிட்ட படகுகள் எந்தத் திசையில் அணியத்தைக் காட்டி நிற்கின்றன என்று பாருங்கள். ஆனால் லேசான ஃபைபர் படகைக் காற்றே திருப்பிவிடும். அடிப்பாகம் ஆழமாக மூழ்கிய பார்ஜை நம்புங்கள். வலை மிதவைகள், வழிகாட்டும் மிதவைகள் சாய்ந்திருக்கும் பக்கம் பொய் சொல்லாது. அப்புறம் கரையோரத்தைப் பாருங்கள். ஓட்டம் திரும்புவது எங்கும் ஒரே கணத்தில் நடப்பதில்லை. ஆழம் குறைந்த கரையோர நீர் உராய்வால் ஏற்கெனவே வேகமிழந்திருக்கும், ஆகவே அது முதலில் திரும்பும். நடுக்கால்வாயின் ஆழமான நீர் தன் வேகத்தில் இன்னும் கொஞ்ச நேரம் பழைய திசையிலேயே போகும். சேற்றுமேட்டின் ஓரத்தில் மிதக்கும் குப்பை தெற்கே நகர, நூறு மீட்டருக்கு அப்பால் நடுவில் மிதக்கும் குப்பை வடக்கே போவதைத் தாணே கழியில் தெளிவாகப் பார்க்கலாம். இரண்டுக்கும் நடுவே நுரையும் பிளாஸ்டிக்கும் சேர்ந்து ஒரு கோடாக நிற்கும். எதிரும் புதிருமான இரண்டு ஓட்டங்கள் உரசும் கோடு அது. சின்னப் படகு அதைக் கடக்கும்போது அணியம் ஒரு பக்கமும் அமரம் மறுபக்கமும் இழுக்கப்படும். சுக்கானைப் பிடித்திருப்பவர் முன்கூட்டியே தெரிந்து வைத்திருந்தால் ஒன்றுமில்லை. தெரியாவிட்டால் படகு திடீரெனத் திரும்பும்.

நேரம் தெரிந்தது; அடுத்து வேகம். அப்போலோ பந்தரில் உதாண் நாட்களில் சராசரி நிறைவேற்றம் 4.42 மீட்டர், வற்றம் 0.76 மீட்டர். வித்தியாசம் 3.66 மீட்டர். பாங் நாட்களில் 3.30-க்கும் 1.86-க்கும் நடுவே 1.44 மீட்டர்தான். அதே ஆறு மணி நேரத்தில் இரண்டரை மடங்கு தண்ணீர் அதே வாய் வழியாக வந்து போக வேண்டும் என்றால் ஓட்டமும் ஏறக்குறைய இரண்டரை மடங்கு ஆகும். ஓட்டம் படகின்மேலும் நங்கூரக் கயிற்றின்மேலும் செலுத்தும் விசை வேகத்தின் இருமடிக்கு ஏற்ப உயரும். ஆகவே அஷ்டமியன்று தாங்கிய கயிறு பௌர்ணமியன்று ஆறு மடங்கு இழுப்பைச் சந்திக்கும். துறைமுகத்தில் புதிதாகச் சேரும் பையன்களுக்கு இந்த ஒரு கணக்கையாவது யாராவது சொல்லிக்கொடுக்க வேண்டும்.

ஆறு மணி நேரத்துக்குள்ளும் ஓட்டம் சமமாக இராது. மாலுமிகள் உலகமெங்கும் பயன்படுத்தும் பன்னிரண்டில் ஒரு பங்குக் கணக்கு எளிமையானது. மொத்த ஏற்றத்தைப் பன்னிரண்டு பங்காக்குங்கள். முதல் மணியில் ஒரு பங்கு, இரண்டாம் மணியில் இரண்டு, மூன்றில் மூன்று, நான்கில் மூன்று, ஐந்தில் இரண்டு, ஆறில் ஒன்று. 3.6 மீட்டர் ஏற்றமென்றால் முதல் மணியில் 30 சென்டிமீட்டர் ஏறும், மூன்றாம் மணியிலும் நான்காம் மணியிலும் 90 சென்டிமீட்டர் வீதம் ஏறும். ஓட்டம் கடுமையாக இருப்பது அந்த நடு இரண்டு மணி நேரம். ஒடுங்கிய இடத்தைக் கடக்கும் வேலையை அந்த இரண்டு மணி நேரத்துக்கு வெளியே வைத்துக்கொள்வதுதான் திட்டமிடலின் பாதி.

வடிவம் செய்யும் வேலை இதற்குமேல். ஒரே அளவு தண்ணீர் பாதி அகலத்தில் போக வேண்டுமானால் இரண்டு மடங்கு வேகத்தில் போக வேண்டும். ஆழமும் பாதியானால் நான்கு மடங்கு. நார்வேயில் சால்ட்ஸ்ட்ராவ்மன் என்ற ஜலசந்தி 150 மீட்டர் அகலம்தான். ஆறு மணிக்கொரு முறை ஏறத்தாழ 40 கோடி கன மீட்டர் தண்ணீர் அதன் வழியே போகிறது. ஓட்டம் 20 நாட் வரை எகிறும். நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல், அதாவது 1.852 கிலோமீட்டர். நம் மேற்குக் கரையிலேயே, புனல்போல ஒடுங்கும் காம்பே வளைகுடாவில், பாவ்நகரில் ஏற்றம் பத்து மீட்டரைத் தொடுகிறது. மும்பைத் துறைமுகத்தின் ஓட்டம் உதாண் நாட்களில் இரண்டு நாட் வேகத்தைத் தாண்டும். எண் சின்னதாகத் தெரியலாம். ஐந்து நாட் ஓடும் படகுக்கு அது தன் வேகத்தில் பாதிக்கு நெருக்கம்.

வளைவுகளில் வெளிப்பக்கம் ஆழமும் வேகமும், உட்பக்கம் மேடும் மந்தமும். ஓட்டத்தோடு போகும்போது வெளிப்பக்கம், எதிர்த்துப் போகும்போது ஆழம் அனுமதிக்கிற அளவுக்கு உட்பக்கம். வற்றத்தின் கடைசி இரண்டு மணி நேரத்தில் இருபுறச் சேறும் தலைகாட்டிவிடும். அகன்று கிடந்த நீர் நடுக்கால்வாயில் மட்டும் ஓடும். மட்டம் தாழ்ந்துவிட்டதால் ஓட்டமும் அடங்கிவிட்டது என்று நினைத்து அப்போது உள்ளே வருகிறவர்கள்தான் சேற்றில் உட்காருகிறார்கள். ஐரோலியில் வனத்துறையின் கடல்சார் பல்லுயிர் மையம் பூநாரை பார்க்க விடும் படகுகள் ஓத நேரத்தைப் பார்த்தே கிளம்புவதற்கும் இதுதான் காரணம்: பறவை இறங்கச் சேறு வேண்டும், படகு மிதக்கத் தண்ணீர் வேண்டும்.

பாலத் தூண்களைத் தனியாகச் சொல்ல வேண்டும். தாணே கழியின் குறுக்கே ரயில் பாலம் 1850-களிலேயே வந்துவிட்டது. 1973-இல் வாஷி சாலைப் பாலம், பிறகு ரயில் பாலம், ஐரோலிப் பாலம் என்று அடுத்தடுத்து வந்தன. தெற்கே துறைமுகத்தின் குறுக்கே 2024 ஜனவரியில் அடல் சேது. ஒவ்வொரு தூணும் ஓட்டத்தைப் பிளந்து இரு பக்கமும் வேகப்படுத்துகிறது. பின்னால் எதிர்ச்சுழியை உண்டாக்குகிறது. படகு தூணுக்கு மேல்பக்கம் குறுக்காகக் கிடந்து ஓட்டம் அதைத் தூணோடு சாத்திவிட்டால், தண்ணீர் மேல் விளிம்பில் ஏறிக் கவிழ்த்துவிடும். என்ஜினை நம்பி அந்த இடத்தில் திருப்பம் போடக் கூடாது. பாலத்துக்கு வெகு முன்பே படகை நேராக்கி, இரண்டு தூணுக்கு நடுவே குறிவைத்து, ஒரே வேகத்தில் கடக்க வேண்டும். நங்கூரம் கட்டவிழ்த்துக் கையோடு இருக்க வேண்டும். என்ஜின் நின்றால் முதல் வேலை நங்கூரத்தைப் போடுவது. என்ஜினை மறுபடி கிளப்பிப் பார்ப்பது அதற்குப் பிறகு.

பாலத்தை ஓட்டத்தோடு கடப்பதா, எதிர்த்தா என்று கேட்டால், தெரியாத இடத்தில் எதிர்த்துக் கடப்பதே மேல் என்பேன். சுக்கான் வேலை செய்வது அதன்மேல் ஓடும் தண்ணீரால். எதிர்ஓட்டத்தில், கரையைப் பார்த்தால் படகு ஊர்ந்துகொண்டிருக்கும், சுக்கானோ முழு வேகத்துக்குரிய பிடியோடு இருக்கும். நினைத்த இடத்தில் நிற்கலாம், பின்வாங்கலாம். ஓட்டத்தோடு போகும்போது கரை விரைந்து பின்னால் போகும். நிற்க நினைத்தாலும் தண்ணீர் நிற்க விடாது. எதிரே கப்பல் வந்தால், சர்வதேச மோதல் தவிர்ப்பு விதிகளில் ஒன்பதாம் விதி குறுகிய கால்வாயில் உங்கள் வலது ஓரத்தை ஒட்டிப் போகச் சொல்கிறது. ஓட்டம் இடது பக்கம் தள்ளினாலும் அந்த விதி மாறாது. அதற்கேற்ப நீங்கள்தான் திருத்த வேண்டும்.

குறுக்கே கடப்பதற்கான திருத்தம் இப்படி. வாஷியருகே ஒரு கடல் மைல் அகலம் என்று வைப்போம். படகு ஐந்து நாட், ஓட்டம் இரண்டு நாட். எதிர்க்கரையை நேராகக் குறிவைத்தால் 12 நிமிஷத்தில் போய்ச் சேருவீர்கள், ஆனால் நினைத்த இடத்திலிருந்து 740 மீட்டர் தள்ளி. அணியத்தை ஓட்டத்தின் மேல்பக்கமாக ஏறக்குறைய 24 பாகை திருப்பிப் பிடித்தால் நேர்கோட்டில் போவீர்கள். நேரம் ஒரு நிமிஷம்தான் கூடும். பாகைக் கணக்குப் போட வசதியில்லாவிட்டால், எதிர்க்கரையில் முன்னும் பின்னுமாக இரண்டு அடையாளங்களைப் பிடியுங்கள்: ஒரு மின்கம்பமும் அதன் பின்னே ஒரு கட்டடமும் போதும். இரண்டும் ஒன்றன்மேல் ஒன்றாகத் தெரியும்வரை நீங்கள் கோட்டில் இருக்கிறீர்கள். பின்னால் உள்ள கட்டடம் வலது பக்கம் விலகித் தெரிந்தால் நீங்களும் வலது பக்கம் தள்ளப்பட்டிருக்கிறீர்கள். ஜிபிஎஸ் வந்த பிறகும் இதைவிட வேகமான எச்சரிக்கையை நான் பார்த்ததில்லை. திரையைக் குனிந்து பார்க்கிற அந்த இரண்டு விநாடியில்தான் எதிரே வரும் மரக்கட்டை கண்ணிலிருந்து தப்பும்.

மழைக்காலம் மேலே சொன்ன நேரக் கணக்கைக் கலைத்துவிடும். ஜூன் முதல் செப்டம்பர் வரை உல்லாஸ் வெள்ளம் கொண்டுவரும்போது வற்ற ஓட்டம் நீளும், வலுக்கும். ஏற்ற ஓட்டம் பிந்தும், மெலியும். நன்னீர் லேசானது, கடல்நீர் கனமானது. ஆகவே மேலே வெள்ளம் கடலை நோக்கி ஓடிக்கொண்டிருக்கும்போதே அடியில் உப்புநீர் உள்ளே நுழைந்துவிட்டிருக்கும். பாஸ்பரஸ் ஜலசந்தியில் வருஷம் முழுவதும் இப்படித்தான்: மேல்நீர் கருங்கடலிலிருந்து தெற்கே, அடிநீர் எதிர்த்திசையில். இத்தாலியரான மார்சிலி 17ஆம் நூற்றாண்டிலேயே அதை அளந்து காட்டினார். மாலுமிக்கு இதன் பொருள், ஆழமான பார்ஜும் தட்டையான படகும் ஒரே இடத்தில் ஒரே நேரத்தில் வேறுவேறு பக்கம் இழுக்கப்படலாம் என்பது.

காற்றும் ஓட்டமும் எதிரெதிரே வந்தால் கடல் எழும்பும். மும்பைத் துறைமுக வாயில் வற்ற ஓட்டம் தென்மேற்கே வெளியேறுகிறது. பருவக்காற்றோ தென்மேற்கிலிருந்து வீசுகிறது. அலைகள் குட்டையாகி, செங்குத்தாகி, உடைந்து விழும். அதே காற்று, அதே இடம், ஏற்ற நேரத்தில் போனால் பாதி முரட்டுத்தனம்கூட இராது. மகாராஷ்டிரத்தில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை இருக்கிறது. மீன்வளத்துக்காக வந்த சட்டம்தான். ஆனால் அந்த இரண்டு மாதம் இந்த வாயைப் பார்த்தவர்கள் உயிர்களையும் அது காப்பாற்றுகிறது என்பார்கள்.

இப்போது பாம்பன். தாணேயில் படித்ததை அப்படியே அங்கே கொண்டுபோனால் தோற்பீர்கள். மன்னார் வளைகுடாவையும் பாக் விரிகுடாவையும் இணைக்கும் அந்தக் குறுகிய வழியில் ஏற்றமும் வற்றமும் ஒரு மீட்டருக்கும் குறைவு. மும்பைக் கண்ணுக்கு அது ஒன்றுமில்லை. ஆனால் ஓட்டம் கடுமை. அங்கே காற்றுதான் எஜமான். தென்மேற்குப் பருவத்தில் மன்னார் வளைகுடாப் பக்கம் நீர் குவிந்து வடக்கே பாக் விரிகுடாவுக்குள் பாயும். வாடைக்காற்று வீசும் வடகிழக்குப் பருவத்தில் திசை மாறித் தெற்கே பாயும். நம் மீனவர்கள் நீவாடு என்று சொல்லும் இந்த ஓட்டத்துக்கு அட்டவணை கிடையாது. கடந்த இரண்டு மூன்று நாட்களாக எந்தக் காற்று எவ்வளவு வலுவாக வீசியது என்பதே அங்கே உங்கள் அட்டவணை. ஏற்றவற்றம் அதன்மேல் கொஞ்சம் கூட்டும், கொஞ்சம் குறைக்கும். காற்று ஓய்ந்த நாட்களில் மட்டும் முன்னுக்கு வரும்.

1914 பிப்ரவரி 24 அன்று திறந்த பழைய பாம்பன் ரயில் பாலத்தின் ஷெர்சர் தூக்கு இரண்டு கைகளாக மேலே விரிந்தது. 2025 ஏப்ரல் 6 அன்று திறந்த புதுப் பாலத்தில் 72.5 மீட்டர் நீளப் பகுதி செங்குத்தாக 17 மீட்டர் உயரும். இடைவெளி பெரிதானாலும் கீழே ஓடும் தண்ணீரும் பாறைகளும் பழையவையே. தூக்குத் திறக்கக் காத்திருக்கும் படகுகள் ஓட்டத்தின் எந்தப் பக்கம் நங்கூரமிடுவது என்பதை முன்பே முடிவு செய்ய வேண்டும். ஓட்டம் உங்களைப் பாலத்தை நோக்கித் தள்ளும் பக்கம் நிற்கிறீர்கள் என்றால் இன்னும் தூரத்தில் நில்லுங்கள், இரட்டை நங்கூரம் போடுங்கள். உள்ளூர் வழிகாட்டியை ஏற்றிக்கொள்ளக் கூச்சப்படாதீர்கள். அந்தப் பாறைகளுக்கு நடுவே நீவாடு எந்தப் பக்கம் வெட்டும் என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.

ஒன்றைச் சொல்லாமல் விட மனமில்லை. ஜலசந்தியைக் குறுக்கினால் ஓட்டம் கூடும் என்று பார்த்தோம். ஒற்றை வாய்க் கழியில் உட்பகுதியைத் தூர்த்தால் நடப்பது நேர்மாறு. உள்ளே நிரம்புகிற இடம் குறைவதால் வந்துபோகும் தண்ணீர் குறையும், ஓட்டம் தளரும், சேறு படியும், சேறு படிந்த இடம் இன்னும் தூர்ந்துபோகும். தாணே கழியின் இரு கரையிலும் மண்ணும் கட்டட இடிபாடும் கொட்டிய ஒவ்வொரு லாரியும் கால்வாயின் ஆழத்தில் கொஞ்சத்தைத் தின்றிருக்கிறது. 2022-இல் இந்தக் கழி ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் சேர்ந்தது பறவைகளுக்காக மட்டும் முக்கியம் இல்லை. அலையாத்திக் காட்டுக்குள் ஏறி இறங்கும் தண்ணீர்தான் நடுக்கால்வாயைத் தோண்டி வைத்திருக்கிறது. அந்தக் காடு போனால் படகு வழியும் போகும்.

மும்பையில் அழைப்புக்குக் காத்திருக்கும் தம்பிகளுக்கு ஒரு வேண்டுகோள். நேருளில் இந்தக் கழிப் பக்கமே இருக்கிற டி.எஸ். சாணக்கியா கடல் பயிற்சிக் கல்லூரியில் இடம் கிடைத்தவர்களுக்கு மட்டும் உரிய பாடம் இல்லை இது. ஐரோலியிலோ வாஷியிலோ மக்கள் போகக்கூடிய ஒரு கரையைத் தேர்ந்தெடுங்கள். ஒரு பௌர்ணமியிலிருந்து அடுத்த அமாவாசை வரை, முடிந்த நாளெல்லாம், அட்டவணை சொன்ன நேரத்தையும் மிதவை திரும்பிய நேரத்தையும் ஒரு நோட்டில் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். காற்றின் திசையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இரண்டு நேரங்களுக்கும் உள்ள வித்தியாசம் உங்கள் கையெழுத்திலேயே தெரியும். சிங்கப்பூர் ஜலசந்தியோ ஹோர்முஸோ, போகிற இடத்திலெல்லாம் அதே நோட்டைத் தொடருங்கள். ஓட்டம் நிற்க இன்னும் அரை மணி நேரம் இருக்கிறது என்று உங்கள் கணக்குச் சொன்னால், மேலே இருப்பவர் அவசரப்படுத்தினாலும், கணக்கை எடுத்துக் காட்டிக் காத்திருக்கச் சொல்லுங்கள்.